கதவு திறந்திருக்கிறது, கூட்டிப்போக ஆள் வேண்டும்

புத்தூர் நால்ரோட்டில் காலை ஏழரை மணிக்கு நின்றால் திருச்சியின் படிப்பு மொத்தமும் நம்மைக் கடந்து போகும். வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு நடக்கும் மருத்துவ மாணவர்கள், வயலூர் ரோட்டில் பிஷப் ஹீபர் கல்லூரிக்குத் திரும்பும் பஸ்ஸின் படிக்கட்டு வரை நிற்கும் பிள்ளைகள், பொறியியல் கல்லூரிப் பேருந்துக்காக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக் காத்திருப்பவர்கள். இவர்களுக்கு நடுவே அரசுப் பள்ளிச் சீருடையும் போகிறது. அந்தச் சீருடையில் இருப்பவர் பெரும்பாலும் ஆட்டோ ஓட்டுபவரின் மகளாக இருப்பார். ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை செய்யும் அம்மாவின் மகனாக இருப்பார். உறையூர் மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவரின் பேத்தியாக இருப்பார். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரைத் தெருக்களிலிருந்து கல்லூரி வாசலுக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் மூன்று தலைமுறையாக அந்த வாசலுக்குள் காலெடுத்து வைக்காத குடும்பங்கள் இங்கே இருக்கின்றன.

இந்தக் குடும்பங்களுக்காகத் தமிழ்நாடு கடந்த சில ஆண்டுகளில் செய்திருப்பது சின்னக் காரியம் இல்லை. இடஒதுக்கீடு கொடுத்தது. கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் போடுகிறது. இவ்வளவும் இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் ஒரு பகுதி ஜவுளிக் கடைக்கும் செல்போன் கடைக்கும் கல்யாண மண்டபப் பந்திக்கும் போய்ச் சேர்கிறது. அவர்களில் பலருக்குப் படிப்பு வராமல் இல்லை. எந்த நாளில், எந்த வாசலில், எந்தத் தாளோடு நிற்க வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. மேல்தட்டு வீட்டுப் பிள்ளைக்கு அதை மாமாவோ சித்தியோ பக்கத்து வீட்டு வங்கி அதிகாரியோ சாப்பாட்டு நேரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்ல நாம் ஓர் ஆளை ஏற்பாடு செய்தாக வேண்டும். இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியது.

ஆறு பேரிலிருந்து முந்நூற்றுப் பதின்மூன்று இடங்களுக்கு

புத்தூர் அரசு மருத்துவமனையோடு இணைந்தது கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி. 1997-ல் தொடங்கியது. யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த முத்தமிழ்க் காவலர் திருச்சிக்காரர். கல்லூரிப் படிக்கட்டு ஏறாமலே தமிழறிஞராகவும் சித்த மருத்துவம் அறிந்தவராகவும் ஊர் மதிக்க வாழ்ந்தவர். இந்தக் கல்லூரியில் ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள்.

நீட் தேர்வு வந்த பிறகு இப்படிப்பட்ட கல்லூரிகளில் அரசுப் பள்ளிப் பிள்ளையைப் பார்ப்பதே அரிதாகிப்போனது. 2019-20 சேர்க்கையில் மாநிலம் முழுக்க ஆறு பேர்தான் சேர்ந்தார்கள் என்று அப்போதைய அரசே சொன்னது. ஆயிரக்கணக்கான இடங்களில் ஆறு. ஓய்வு பெற்ற நீதிபதி கலையரசன் தலைமையில் குழு அமைந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனி உள்ஒதுக்கீடு வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 2020 செப்டம்பரில் சட்டமன்றம் 7.5 விழுக்காட்டு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அக்டோபர் 29 அன்று அரசாணையே போட்டார்கள். மறுநாள் ஒப்புதலும் வந்தது. அந்த ஆண்டுக் கலந்தாய்வில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 313 எம்.பி.பி.எஸ். இடங்களும் 92 பல் மருத்துவ இடங்களும் கிடைத்தன.

அந்தக் கலந்தாய்வில் நடந்த ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள், ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டதும் இடத்தை விட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். அதற்கப்புறம்தான், கட்டணத்தை அரசே கட்டும் என்று அறிவிப்பு வந்தது. பணம் வரத்தான் போகிறது, கொஞ்சம் பொறு என்று அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று சொல்ல ஒருவருமில்லை. சலுகை ஒரு வாரம் தாமதமாக வந்தாலும் சரி, சலுகையைப் பற்றிய செய்தி ஒரு வாரம் தாமதமாக வந்தாலும் சரி, பிள்ளைக்கு இழப்பு ஒன்றுதான்.

2021 ஆகஸ்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் இதே 7.5 விழுக்காடு வந்தது. நீதிபதி முருகேசன் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கை அதற்கு அடிப்படை. அடுத்த மாதமே கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசு ஏற்கும் என்று முதல்வர் அறிவித்தார். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்றது.

2020-ல் உள்ளே வந்த அந்த முதல் அணி, படிப்பை முடித்து மருத்துவர்களாக வார்டுக்கு வந்துவிட்ட காலம் இது. அகில இந்திய ஒதுக்கீடு போக மீதியைக் கணக்குப் போட்டால், 150 இடமுள்ள ஓர் அரசுக் கல்லூரியில் ஆண்டுக்கு ஒன்பது பத்துப் பேர் இந்த வழியில் வருவார்கள். புத்தூர் ஆஸ்பத்திரியின் புறநோயாளி வரிசையில் மணப்பாறையிலிருந்தும் துறையூரிலிருந்தும் வந்து நிற்கும் கூலித் தொழிலாளிக்கு, தன் வீட்டுப் பேச்சையே பேசும் ஒரு டாக்டர் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். "எத்தனை நாளா இருமல்?" என்று கேட்பதற்கு முன்னால் "கல்குவாரிக்கா வேலைக்குப் போறீங்க?" என்று கேட்கத் தோன்றும் டாக்டர் அவர்.

மே மாதத்துக் கோப்பு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் புத்தூரில் ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டருக்குள் எட்டிப் பாருங்கள். நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியிலும் மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்புடன் ஒரு பிள்ளை. கூட வந்திருப்பது பெரும்பாலும் அம்மா. அப்பா வேலையில். செல்போனும் அப்பாவிடம்.

நான் பார்த்த அன்று ஒரு பெண் பிள்ளைக்கு வங்கிக் கணக்கில் இருந்த பெயரும் ஆதாரில் இருந்த பெயரும் பொருந்தவில்லை. தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். அதைச் சரிபார்க்க ஓ.டி.பி. கேட்டது. ஓ.டி.பி. போன எண், கட்டட வேலைக்குப் போயிருந்த அப்பாவின் எண்.

"அண்ணே, இன்னொரு தடவை அனுப்புங்கண்ணே. அப்பா சாரத்துல நிப்பாரு, கீழ இறங்கித்தான் பாப்பாரு."

"மூணு தடவைதாம்மா அனுப்பும். அதுக்கு மேல நாளைக்குத்தான். அப்பாகிட்டப் பேசிட்டு வா, நா பக்கத்தை மூடாம வெச்சிருக்கேன்."

கடைக்காரர் சொன்னபடியே வைத்திருந்தார். பின்னால் இருந்தவர்களும் முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் ஒரு பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை, பிரவுசிங் சென்டர் அண்ணனின் நல்ல மனசை நம்பி நிற்கக் கூடாது.

என்னென்ன தாள் வேண்டும் என்று பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, பள்ளியில் மாணவருக்குத் தரும் எமிஸ் எண், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. வருவாய்த் துறைச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று ஏறிப் போகும். மே, ஜூனில் மாவட்டமே விண்ணப்பிக்கும். பழங்குடிப் பிள்ளை என்றால் சாதிச் சான்று கோட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும். அது இன்னும் நீளமான பாதை.

இந்தத் தாள்களில் முதல் பட்டதாரிச் சான்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2010-11 முதல் நடைமுறையில் இருக்கும் சலுகை இது. கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற படிப்பில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தில் கணிசமான தொகை குறையும். குடும்பத்தில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, 7.5 விழுக்காடு இல்லாத நிலையில், இதுதான் பெரிய ஊன்றுகோல். இதை மே மாதம் வாங்க வேண்டியதில்லை. பிளஸ் டூ படிக்கும்போதே, காலாண்டு விடுமுறையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு வகுப்பாசிரியர் மனம் வைத்து அக்டோபரில் நாற்பது பிள்ளைகளின் தாள்களையும் ஒரு முறை மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டால், பெயர்ப் பிழை, தலைப்பெழுத்துப் பிழை, பிறந்த தேதிப் பிழை எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். திருத்த ஏழு மாதம் கிடைக்கும்.

ஒரே தெரு, இரண்டு சட்டம்

இப்போது சொல்லப்போவது புத்தூர்க்காரர்களின் நியாயமான மனக்குறை. திருச்சியின் பழைய பள்ளிகளில் பல அரசு உதவி பெறும் பள்ளிகள். மிஷனரிகளும் உள்ளூர்க் கொடையாளர்களும் தொடங்கி, ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும் பள்ளிகள். 18-ஆம் நூற்றாண்டில் சுவார்ட்ஸ் பாதிரியார் திருச்சியில் தொடங்கிய பள்ளியின் வழியில் வந்ததுதான் ஹீபர் என்ற பெயரும். இந்த ஊரில் 1826-ல் இறந்த பிஷப் ரெஜினால்ட் ஹீபரின் நினைவாக வைத்தது. அந்த மரபின் கல்லூரி இடையில் மூடப்பட்டு, 1966-ல் புத்தூரில் மறுபடி எழுந்தது.

இப்படிப்பட்ட பள்ளிகளில் யார் படிக்கிறார்கள்? அதே ஆட்டோக்காரரின் பிள்ளை, அதே துப்புரவுப் பணியாளரின் பிள்ளை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, அப்பா படித்த பள்ளி, அவ்வளவுதான் காரணம். அண்ணன் அரசு உதவி பெறும் பள்ளியிலும் தங்கை அரசுப் பள்ளியிலும் படித்தால், தங்கைக்கு 7.5 விழுக்காடு உண்டு, அண்ணனுக்கு இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்திலும் முதலில் இந்தக் கோடு இருந்தது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும் என்றுதான் இருந்தது. 2024 டிசம்பர் இறுதியில்தான் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அதை விரித்தார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கியபோதே உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

ஆயிரம் ரூபாயில் கோட்டை அழிக்க முடிந்தது என்றால், இடஒதுக்கீட்டிலும் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளையின் பங்கில் கை வைக்காமல் யோசிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அது வரைக்கும் உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளிடம் இந்தக் கோட்டை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. கலந்தாய்வு மேசையில் போய் அது தெரிய வருவதைவிடக் கொடுமை வேறில்லை.

பச்சமலையிலிருந்து துவாக்குடிக்கு

திருச்சி மாவட்டத்தின் வடக்கே, துறையூருக்கு அப்பால் பச்சமலை. மாவட்டத்தின் கிழக்கே, தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடியில் என்.ஐ.டி. 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. இரண்டும் ஒரே மாவட்டம். 2024 ஜூலையில், பச்சமலை சின்ன இலுப்பூர் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு மாணவி, ஜே.இ.இ. தேர்வெழுதி அந்த என்.ஐ.டி.யில் வேதிப் பொறியியலில் சேர்ந்தார். பெற்றோர் கேரளத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். கட்டணம் முழுவதையும் மாநில அரசு ஏற்றது. நாடு முழுக்க அந்தச் செய்தி போனது. அவர் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதற்கு முந்தைய ஒரு நாள்தான் முக்கியமாகப் படுகிறது: மலைமேல் இருக்கும் ஒரு பள்ளியில், யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையிடம் ஜே.இ.இ. என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்ன நாள்.

ஏன் என்றால், இந்த நுழைவுத் தேர்வுகளின் நாட்காட்டி நம் பள்ளி நாட்காட்டியோடு ஒத்துப் போவதே இல்லை. ஜே.இ.இ. முதல் சுற்று ஜனவரியில். அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரில். நீட் மே மாதத் தொடக்கத்தில். விண்ணப்பம் பிளஸ் டூ பொதுத் தேர்வு நெருங்கும் நேரத்தில். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கான நுழைவுத் தேர்வும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் அரையாண்டுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருக்கும்போது, வெளியே ஒவ்வொரு வாசலாக மூடிக்கொண்டு வருகிறது. இங்கே இன்னொன்றும் சேரும். மாசியில் புத்தூர் குழுமாயி அம்மன் திருவிழா. ஊரே மைக் செட்டும் உறவினர் வருகையுமாக இருக்கும் நாட்கள். பொதுத் தேர்வும் அதை ஒட்டியே வரும். ஒற்றை அறை வீட்டுப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? பள்ளிக்கூடத்தில் இரவு ஒன்பது வரை ஒரு வகுப்பறையும் ஒரு ஆசிரியரும் ஒரு தட்டு சுண்டலும் இருந்தால் போதும் என்று சொல்லும் தலைமை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது மிகக் குறைவு.

என்.ஐ.டி. மாணவர்களே நடத்தும் 'இக்னைட்' என்ற கற்பித்தல் குழு, திருச்சி வட்டார அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஜே.இ.இ.க்கு இலவசமாகத் தயார் செய்கிறது. அதில் பாடம் நடத்துபவருக்கு வயது பத்தொன்பது, இருபது. போன ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ அதே தேர்வை எழுதியவர். எந்தப் பாடத்தில் மூச்சு முட்டும், எந்தக் கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்று அவருக்குக் கைரேகைபோலத் தெரியும். ஐம்பது வயது ஆசிரியரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை அந்த அண்ணனிடம், அக்காவிடம் பிள்ளை கேட்டுவிடும். விடுதியில் சாப்பாடு எப்படி, இங்கிலீஷில் பேசத் தெரியாவிட்டால் சிரிப்பார்களா, சொந்தச் செலவுக்கு எவ்வளவு ஆகும் என்றெல்லாம் கேட்கும். தேர்வுக்கான பாடத்துக்குச் சமமாக இந்தப் பேச்சும் வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில் பத்தாண்டுக்கும் முன்பே இதற்கு ஒரு முன்மாதிரி நடந்தது. பத்தாம் வகுப்பில் சிறந்து வந்த முப்பது அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்க வைத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு ஆண்டும் தனிக் கவனத்தோடு படிக்க வைத்தார் அன்றைய ஆட்சியர் தரேஸ் அகமது. பாட்னாவில் 2002-ல் ஆனந்த் குமார் தொடங்கிய 'சூப்பர் 30'-ன் பெயரையே இதற்கும் வைத்தார்கள். பின்னால் மாநில அரசு மாவட்டம்தோறும் உறைவிட மாதிரிப் பள்ளிகளைத் திறந்தது. திருச்சிக்கானது துவாக்குடியில், என்.ஐ.டி.க்கு அருகிலேயே அமைந்திருக்கிறது. 2025 மே மாதம் புதுக் கட்டடம் திறக்கப்பட்டது.

முதல் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்

இவை எல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் எல்லாமே முதல் வரிசைப் பிள்ளையைத் தேடிப் பிடிக்கும் முயற்சிகள். 600-க்கு 560 வாங்கும் பிள்ளைக்கு எப்படியும் ஒரு ஆசிரியராவது கைகொடுத்துவிடுவார். 340 வாங்கும் பிள்ளையை யார் கூட்டிப் போவது? வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் முப்பது பேர் அந்தப் பிள்ளைகள்தான். அவர்களுக்குத் தேவை ஒரு அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம்., ஒரு பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கை, ஒரு செவிலியர் படிப்பு, ஒரு ஐ.டி.ஐ. அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு அந்த 2 ரூபாய் மட்டும். திருச்சியிலேயே காஜாமலையில் பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி இருக்கிறது. பெரியார் நன்கொடை கொடுத்து 1965-ல் உருவான அரசுக் கல்லூரி. புத்தூரிலிருந்து அங்கே போய்வர பெரிய பஸ் செலவு ஆகாது. மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்தில் அதுவும் இல்லை.

பாதை பிரிவது இதற்கும் முன்னால், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதத்தில். அன்று கையில் கிடைத்த குரூப்தான் பின்னால் எந்தக் கதவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கணிதம் இல்லாத அறிவியல் பிரிவை எடுத்த பிள்ளைக்கு, பொறியியல் தரவரிசையில் 200-க்கான மதிப்பெண்ணைக் கணக்கிடவே வழியில்லை. அதில் 100 கணிதத்துக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது. "தோழி அந்த குரூப்ல சேர்ந்தா, நானும் சேர்ந்தேன்" என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து வயதில் அப்படித்தான் முடிவெடுக்க முடியும், வேறு எதுவும் தெரியாதபோது. உயர்கல்விக்கான தயாரிப்பை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் 1965-ல் 'அப்வர்ட் பவுண்ட்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஏழை வீட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் கல்லூரி வளாகத்திலேயே தங்க வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். நூலகத்தில் உட்கார வைப்பார்கள், ஆய்வகத்தைத் தொட வைப்பார்கள். பள்ளி தொடங்கிய பிறகும் அந்தக் கல்லூரி அவர்களை விட்டுவிடாது. அறுபது ஆண்டாக அது நடக்கிறது. நம்மிடம் 2022-ல் வந்த நான் முதல்வன் திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளைக் கல்லூரிகளுக்கு ஒரு நாள் களப்பயணம் அழைத்துப் போகிறார்கள். நல்ல தொடக்கம். ஒரு நாள் போதாது.

புத்தூரில் இதைச் செய்யப் புதுக் கட்டடம் ஒன்றும் தேவைப்படாது. நடக்கும் தூரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஒரு பெரிய கலை அறிவியல் கல்லூரி, சுற்றி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் குடியிருக்கும் தெருக்கள். சனிக்கிழமை மதியம் ஒரு வகுப்பறை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகள். ஒரு முதலாம் ஆண்டு மாணவர் ஐந்து பிள்ளைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது. அந்த ஐந்து பேரின் சான்றிதழ், குரூப், விண்ணப்பத் தேதி, வங்கிக் கணக்கு எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். கல்லூரி இதை நாட்டு நலப்பணித் திட்டத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டால், அந்த மாணவருக்கும் அதன் பலன் உண்டு. 7.5 விழுக்காட்டில் உள்ளே வந்த மருத்துவ மாணவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மாதம் ஒரு முறை அவர்கள் வந்து பேசினால், எந்த அறிவிப்புப் பலகையும் செய்யாத வேலையை அந்த ஒரு மணி நேரம் செய்துவிடும்.

சேர்ந்த பிறகு வரும் நவம்பர்

சேர்ந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் நாம் பலரை இழக்கிறோம். தமிழ் வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்த பிள்ளைக்கு முதல் பருவம் ஒரு சுவர். விளக்கம் தமிழில் கேட்டால் புரிகிறது; அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. நவம்பர், டிசம்பரில் முதல் பருவத் தேர்வு. இரண்டு பாடத்தில் அரியர். விடுதியில் அழுகை. பொங்கலுக்கு ஊருக்கு வந்த பிள்ளை திரும்பிப் போக மறுக்கும். "உனக்கு எதுக்குப்பா இந்தப் படிப்பு, வேலைக்குப் போ" என்று பரிவோடு சொல்லும் பெரியப்பாவும் வீட்டில் இருப்பார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அரியர் என்றால் தோல்வி. பொறியியல் படித்த எத்தனையோ பேர் முதல் பருவத்தில் அரியர் வைத்து, பிறகு எழுதித் தேறி, நல்ல வேலையில் இருக்கிறார்கள் என்று அந்த வீட்டில் அன்று ஒருவர் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வகுப்பில் கூட இருந்த அந்த அக்காவோ அண்ணனோதான் அதைச் சொல்லப் பொருத்தமானவர். கல்லூரிகளும் முதல் பருவத்தில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் இணைப்பு வகுப்பு வைப்பதைத் தொடக்க விழா முடிந்த ஒரு வாரத்தோடு நிறுத்தாமல், பருவம் முழுக்க நடத்த வேண்டும்.

தேர்ச்சி பெறாத பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிளஸ் டூவில் ஒரு பாடம், இரண்டு பாடம் போனவர்கள். முடிவு வந்த அன்று அந்த வீட்டு வாசலில் யாரும் இனிப்போடு போவதில்லை. பள்ளியிலும் அவர்களைப் பற்றி அன்று பேச்சு எழாது. ஆனால் துணைத் தேர்வு ஓரிரு மாதத்திலேயே நடந்துவிடுகிறது. அதில் தேறியவர்களும் அதே ஆண்டு சேர, பொறியியல் கலந்தாய்வில் துணைக் கலந்தாய்வு என்று ஒரு சுற்றே இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரம்பாத இடங்களும் அப்போது இருக்கும். எங்கும் சேராமல் போனவர்களுக்காகவே 'உயர்வுக்குப் படி' என்று மாவட்டந்தோறும் முகாம் நடத்துகிறார்கள். சந்தேகம் கேட்கக் கல்வித் துறையின் 14417 என்ற எண் இருக்கிறது. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள். எனவே அந்த வீட்டுக்கு முடிவு வந்த அன்று மாலையே போக வேண்டும். பிள்ளையோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்துவிட்டு, எந்தப் பாடம் போனதோ அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு வர வேண்டும்.